போண்டா என்று நம்பிக் கடித்தேன்

கரீபியன் கடலில் இருக்கும் குவாதலூப் தீவில், அக்கா வீட்டில் மூன்று மாதம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்ததைப் போன இதழில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். வந்த கேள்விகளில் முக்கால்வாசி சாப்பாடு. மீதி விசா.

கேள்வி: குவாதலூப் எந்த நாட்டில் இருக்கிறது? (கல்லூரி மாணவி, விழுப்புரம்)

பிரான்சில். சிரிக்காதீர்கள், சட்டப்படி அப்படித்தான். 1946 முதல் அது பிரான்சின் ஒரு மாவட்டம். செலாவணி யூரோ, கல்லாப் பக்கத்தில் நீள ரொட்டி. பாரிஸிலிருந்து எட்டரை மணி நேரம் விமானத்தில் பறந்தாலும் பிரெஞ்சுக்காரர் கணக்கில் அது உள்ளூர்ப் பயணம்.

வரைபடத்தில் பார்த்தால் வண்ணத்துப்பூச்சி. இடது இறக்கைக்குப் பெயர் பாஸ்தேர், அதாவது தாழ்நிலம். 1,467 மீட்டர் உயர சூஃப்ரியேர் எரிமலை அந்தத் 'தாழ்நில'த்தில்தான் நிற்கிறது. வலது இறக்கை கிராந்தேர், பெருநிலம். இரண்டில் சின்னது அதுதான். பெயர் வைத்தது மாலுமிகள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தவர்கள், மலை எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை.

கேள்வி: ஷெங்கன் விசா கையில் இருக்கிறது. அப்படியே போய்விடலாமா? (வாசகர், காரைக்கால்)

போகலாம், பாரிஸ் வரைக்கும். குவாதலூப் பிரான்ஸ்தான், ஆனால் ஷெங்கன் எல்லைக்குள் இல்லை. பொதுவாக, கடல் கடந்த பிரெஞ்சுப் பகுதிகளுக்குச் செல்லும் என்று விசாவில் தனியாக எழுதி வாங்க வேண்டும். 'வீடு உன்னுடையதுதான், மாடிச் சாவி மட்டும் கேட்காதே' என்கிற மாமியார் கதை.

கேள்வி: வெஸ்ட் இண்டீஸ் வீரர்கள் யாரையாவது பார்த்தீர்களா? (கிரிக்கெட் ரசிகர், சேப்பாக்கம்)

விவியன் ரிச்சர்ட்ஸின் ஆன்டிகுவா பக்கத்துத் தீவுதான். ஆனால் கிரிக்கெட் இங்கிலீஷ்காரன் ஆண்ட தீவுகளின் வியாதி. குவாதலூப்பில் பேட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தால் துணி துவைக்கப் போகிறான் என்று நினைப்பார்கள். அங்கே கால்பந்தும் சைக்கிளும்தான். 1998 உலகக் கோப்பை அரையிறுதியில் பிரான்சுக்காக இரண்டு கோல் அடித்த லிலியான் துராம் பிறந்தது இந்தத் தீவின் புவான்தாப்பீத்ர் நகரில்.

கேள்வி: நம் நாக்குக்கு ஏற்ற காரம் கிடைக்குமா? (இல்லத்தரசி, காரைக்குடி)

செட்டிநாட்டிலிருந்து கேட்கிறீர்கள் என்பதால் உள்ளதைச் சொல்கிறேன்.

போன மூன்றாம் நாள் புவான்தாப்பீத்ரின் சேன் அந்துவான் சந்தைக்குப் போனேன். இரும்புத் தூண் வைத்த கூரைக்குக் கீழே பட்டை, ஜாதிக்காய், வனிலா, புட்டி புட்டியாக ரம். தலையில் கட்டம் போட்ட மெட்ராஸ் துணி கட்டிய அம்மாக்கள் எல்லாரையும் 'தூதூ' என்று கூப்பிடுகிறார்கள். நம் 'கண்ணு' மாதிரி. ஒரு கூடையில் சுருங்கின குட்டி விளக்கு போல மஞ்சளும் சிவப்புமாகக் காய்கள். அட்டையில் பெயர்: 'போண்டா மான் ஜாக்'. அயல்நாட்டில் 'போண்டா' என்ற எழுத்தைக் கண்டதும் தமிழனுக்கு என்ன ஆகும்? ஒன்றை எடுத்து நுனியைக் கடித்தேன். அந்த அம்மா கையை நீட்டித் தடுப்பதற்குள் காரியம் முடிந்துவிட்டது. காது இரண்டும் அடைத்து, பத்து நிமிஷம் பிரெஞ்சு, தமிழ் இரண்டுமே மறந்துபோனது. கரும்புத் துண்டு ஒன்றை வாயில் திணித்துக் காப்பாற்றியது அவர்தான்.

அக்காவிடம் அர்த்தம் கேட்டேன். 'ஜாக் வீட்டம்மாவின் பின்பக்கம்' என்றாள். அந்த மிளகாயின் உருண்டை வடிவத்துக்கு வைத்த பெயராம். ஜாக் யார், அவருடைய வீட்டம்மா என்ன பாவம் செய்தார் என்று யாரும் சொல்லவில்லை.

விஷயம் என்னவென்றால், அங்கே மிளகாயை அரைத்துச் சேர்ப்பதில்லை. முழுசாகக் குழம்பில் மிதக்க விட்டு, வாசனை இறங்கியதும் பத்திரமாக எடுத்துவிடுகிறார்கள். கரண்டி பட்டு அது உடைந்தால் வீடே இருமும்.

கேள்வி: அவர்களுடைய 'கொலோம்போ' நம் குழம்புதான் என்கிறார்களே, உண்மையா? (பேராசிரியர், தஞ்சாவூர்)

குழம்பு என்பது ஒரு கட்சி, கொழும்பு நகரம் என்பது இன்னொரு கட்சி. நான் குழம்புக் கட்சி. காரணம் அகராதி இல்லை, அடுப்பு.

பக்கத்து வீட்டு அம்மாள் ஆட்டுக்கறி கொலோம்போ வைக்கும்போது அடுப்படியில் நின்று பார்த்தேன். கறியை எலுமிச்சை, பூண்டு, வெங்காயத்தாள், தைம் இலையோடு பிசைந்து ராத்திரியே ஊற வைத்துவிட்டார். காலையில் எண்ணெய் காய்ந்ததும் ஒரு சின்னப் பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டினார். கடுகு, சீரகம், வெந்தயம்! கடையில் அந்தக் கலவைக்கே 'வறுக்கிற விதை' என்றுதான் பெயர். கடுகு வெடிக்கிறவரை பொறுத்திருந்து, அதன் பிறகுதான் கறியைப் போட்டார். தாளிப்பு என்ற சொல் அந்த அம்மாளுக்குத் தெரியாது. எப்போது கறியைப் போட வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருக்கிறது. மல்லி, மஞ்சள், வெந்தயம் சேர்ந்த கொலோம்போப் பொடியைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினார். சில வீடுகளில் பொடியில் வறுத்த அரிசியும் சேர்ப்பார்களாம், குழம்பு கெட்டிப்பட. மிளகாய்த் தூள் கிடையாது. அதற்குத்தான் ஜாக் வீட்டம்மா மேலே மிதக்கிறாரே.

கூடவே ஒரு காயை நறுக்கிப் போட்டார். கொலம்பஸ் பெயரால் 'கிறிஸ்தோஃபீன்' என்று அழைக்கிறார்கள். ஏதோ அபூர்வம் என்று எட்டிப் பார்த்தேன். சௌசௌ! நம் வீட்டில் கூட்டு வைத்தால் தட்டைத் தள்ளுவேனே, அதே சௌசௌ. ஒன்பதாயிரம் மைல் தள்ளி வந்தும் விடவில்லை.

கேள்வி: அங்கே தமிழர்கள் இருக்கிறார்களாமே? தமிழ் பேசுவார்களா? (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கடலூர்)

இருக்கிறார்கள். பேசுவதில்லை, ஐயா.

1848இல் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் இல்லை. புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றினார்கள். 'ஒரேலி' என்ற முதல் கப்பல் 1854 டிசம்பர் 24 அன்று போய்ச் சேர்ந்தது. 1889 வரை நாற்பதாயிரத்துக்கும் மேல் போனார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்று ஆன்ரி சிதம்பரம் 1904இல் தொடங்கிய வழக்கு முடிய 1923 ஆயிற்று. அந்தப் பெயரைப் பிரெஞ்சில் 'சிதாம்பாரோம்' என்று உருட்டுவார்கள். நமக்குக் காது கொடுத்துக் கேட்டால்தான் தில்லை தெரியும்.

கபெஸ்தேர் அருகே ஷாங்கி என்ற இடத்தில் நெடுஞ்சாலை ஓரத்தில் மாரியம்மன் கோயில், வண்ண வண்ணமாக. அம்மனை 'மாலியேமின்' என்கிறார்கள். இன்னொரு ஊரில் ஒரு வீட்டு வேண்டுதலுக்கு அக்கா கூட்டிப் போனாள். கிடா வெட்டி, வாழையிலையில் சோறும் கறியும். பக்கத்து இலைப் பெரியவர், 'இதை உங்கள் ஊரில் எப்படிச் சொல்வீர்கள்?' என்று பிரெஞ்சில் கேட்டார். 'குழம்பு' என்றேன். இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, 'உன் உச்சரிப்பு சரியில்லை, தம்பி' என்றார். ழகரத்தை வைத்துக்கொண்டு வாதாட நான் யார்? சோற்றைப் பிசைந்தேன்.

பாகற்காயைப் 'பாரோகா' என்கிறார்கள். பேச்சு போனாலும் கசப்பைப் பெயரோடு வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி: நான் சுத்த சைவம். பட்டினிதானா? (வாசகி, மயிலாப்பூர்)

சிவப்புக் காராமணி மாதிரியான பயறும் சோறும் எங்கேயும் கிடைக்கும். அவகாடோ நம் கை அகலம். சீமைப்பலாவை அவித்து வைப்பார்கள், நாகர்கோவில்காரர் என்றால் ஊர் ஞாபகம் வரும். பூசணி வடையும் உண்டு. டிசம்பரில் போனால் பச்சைத் துவரை உரித்து விற்பார்கள். 'அங்கோலாப் பயறு' என்று பெயர். துவரைக்கு நம் நாடுதான் பூர்வீகம். ஆப்பிரிக்கா போய், அடிமைக் கப்பலோடு அங்கே இறங்கி, ஊர்ப் பெயரையே மாற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால் 'கறி இல்லை' என்று சத்தியம் செய்யும் பயறில் பன்றித் துண்டு நீந்தலாம். சமைத்தவரையே கேளுங்கள், பரிமாறுபவரைக் கேட்காதீர்கள்.

கேள்வி: நடைபாதைக் கடையில் என்ன சாப்பிடலாம்? (ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்)

பொகீத். மாவை எண்ணெயில் பூரிக்குப் பெரியப்பா அளவில் பொரித்து, வயிற்றைக் கீறி, உள்ளே கருவாட்டு மீனோ கோழியோ முட்டையோ அடைத்துத் தருவார்கள். பொழுது சாய்ந்ததும் வேன் கடைகள் முளைக்கும். காதில் எண்ணெய் வழியாமல் சாப்பிட்டால் நீங்கள் உள்ளூர்.

அந்தக் கருவாடு உப்புக் கண்டம் போட்ட காட் மீன். சுற்றிலும் கடல் இருக்க, வட அட்லாண்டிக்கிலிருந்து வருகிற மீன்! தோட்ட முதலாளிகள் அடிமைகளுக்கு மலிவாகப் போட வாங்கியது. இன்று அது இல்லாமல் விருந்தே இல்லை.

கேள்வி: 'ஒரு பெக்' எப்படி? (பெயர் வேண்டாமே, திருநெல்வேலி)

பெயர் போடவில்லை, நிம்மதியாகப் படியுங்கள். தி-பஞ்ச்: ரம், எலுமிச்சைத் துண்டு, கரும்புப் பாகு. ரம் 50 டிகிரி, மரி-கலான்த் தீவில் 59. வீட்டுக்காரர் ஊற்றித் தர மாட்டார். புட்டியை மேஜையில் வைத்து, 'அவரவர் சாவை அவரவரே கலந்துகொள்ளுங்கள்' என்பார். அத்தான் கணக்கு வாத்தியார். இரண்டாவது டம்ளருக்குப் பிறகு அவருக்கே கூட்டல் வரவில்லை.

கேள்வி: சொர்க்கம் என்கிறீர்கள். குறையே இல்லையா? (வாசகர், ஈரோடு)

சொர்க்கம் என்று நான் எங்கே சொன்னேன்? பிரெஞ்சுப் புள்ளிவிவரத் துறை 2022இல் கணக்கெடுத்தபோது சாப்பாட்டு விலை பிரான்சைவிட 42 சதவீதம் அதிகம். 2009இல் விலைவாசிக்காகவே 44 நாள் தீவு முழுக்க வேலைநிறுத்தம். தண்ணீரும் முறை வைத்துத்தான். குழாய்கள் பழசு, பாதி வழியிலேயே ஒழுகிவிடுகிறது. எந்தத் தெருவுக்கு எந்த நாள் என்று அட்டவணை போடுகிறார்கள். அக்கா வீட்டுக் குளியலறையில் வரிசையாக நின்ற பக்கெட்டுகளைப் பார்த்ததும் எனக்குச் சென்னை வந்துவிட்டது.

இதெல்லாம் பழகிவிடும். பழகாதது ஒன்று உண்டு. வாழைத் தோட்டங்களில் வண்டுக்கு அடித்த குளோர்தெகோன் என்ற பூச்சிமருந்து. பிரான்சில் 1990இல் தடை செய்த பிறகும் அங்கே 1993 வரை சலுகை கொடுத்து அடிக்க விட்டார்கள். மண்ணிலிருந்து அது லேசில் போகாது. கிழங்குக்குள் ஏறுகிறது, ஓடையில் இறங்கி மீனுக்குப் போகிறது. அதனால் சந்தையில் சேனையோ சேம்போ வாங்கும்போது அக்கா விலையை இரண்டாவதாகத்தான் கேட்பாள். முதல் கேள்வி, 'எந்த ஊர் மண்?'

கேள்வி: கடற்கரையில் கவனிக்க வேண்டியது? (புதுமணத் தம்பதி, கோவை)

மரத்தில் சிவப்புப் பட்டை அடித்திருந்தால் தள்ளி நில்லுங்கள். மான்செனிய மரம். பச்சை ஆப்பிள் போல அழகாகப் பழுத்துக் கிடக்கும், தின்றால் ஆபத்து. மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினால் சொட்டுகிற தண்ணீரே தோலைக் கொப்பளிக்க வைக்கும். ஜோடியாக ஒதுங்க வேறு மரம் பாருங்கள்.

கேள்வி: அங்கே கற்றுக்கொண்ட ஒரு நல்ல பழக்கம்? (வாசகி, மதுரை)

'போன்ஜூர்'. கடையோ டாக்டர் வீடோ, உள்ளே நுழைந்ததும் எல்லாருக்கும் பொதுவாகச் சொல்ல வேண்டும். சொல்லாமல் 'தக்காளி எவ்வளவு?' என்று ஒரு தரம் கேட்டேன். கடைக்காரம்மா 'போன்ஜூர்' என்றார். மறுபடி விலை கேட்டேன். மறுபடி 'போன்ஜூர்'. மூன்றாம் தரம் எனக்கு உறைத்து, நானும் சொன்னேன். அப்புறம்தான் தக்காளிக்கு விலை வந்தது.

கேள்வி: ஊருக்கு என்ன வாங்கி வந்தீர்கள்? (வாசகர், புதுச்சேரி)

அரைக் கிலோ கொலோம்போப் பொடி. பெருமையாக அம்மாவிடம் நீட்டினேன். முகர்ந்து பார்த்தாள். நாக்கில் ஒரு துளி வைத்துப் பார்த்தாள். 'குழம்புப் பொடிதான்டா. யாரோ மிளகாய் போட மறந்துட்டாங்க' என்று சொல்லிவிட்டு, கால் கிலோ குண்டு மிளகாயை வறுக்கப் போனாள்.