ஜெனீவாவில் துணி காயவைப்போருக்கு ஒரு விண்ணப்பம்

தலைவர் அவர்கட்கு,
சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழு,
ஜெனீவா, சுவிற்சர்லாந்து.

விடயம்: மட்டக்களப்பு மாரிகாலத்தைத் தங்கள் நியமங்களில் சேர்த்துக்கொள்ளல்

பெருமதிப்புக்குரியீர்,

வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல் துண்டிலிருந்து எழுதுகிறேன். குசினிக்குப் பின்னால் ஆறடிக்கு ஐந்தடியில் எங்களுக்கு ஒரு அறை உண்டு. அதற்குள் ஒரு வாஷிங் மெசினும் ஒரு ட்ரையரும் வைக்க வேண்டும் என்பது வீட்டாரின் ஏகமனதான தீர்மானம். கடைக்குப் போனால், விற்கிற தம்பி மெசினில் ஒட்டியிருந்த இலக்கங்களில் விரலை வைத்து, "இதெல்லாம் வெளிநாட்டில டெஸ்ட் பண்ணினது அண்ணன், பயப்பிடாதீங்க" என்றார். அந்தப் பரீட்சைக்கு வினாத்தாள் தயாரிப்பது யார் என்று தேடியபோதுதான் தங்கள் விலாசம் அகப்பட்டது.

1906இல் தொடங்கிய சபை. முதல் தலைவர் கெல்வின் பிரபு. வெப்பநிலை அளக்கும் அலகுக்கே பெயர் கொடுத்த மனிதரை முதல் கதிரையில் இருத்திய நீங்கள், எங்கள் வெப்பநிலையை மட்டும் எப்படித் தவறவிட்டீர்கள்?

ட்ரையருக்கான தங்கள் 61121ஆம் இலக்க நியமத்தின்படி, சோதனை நடக்கும் அறை 23 பாகை செல்சியஸில், 55 வீத ஈரப்பதனோடு இருக்க வேண்டும். இப்படியொரு காலநிலை மட்டக்களப்பிலும் உண்டு, ஏசி போட்ட வங்கிகளுக்குள். அங்கே கொடி கட்ட விடமாட்டார்கள். தங்கள் அறையில் ஒரு கன மீற்றர் காற்றில் ஏறத்தாழ 11 கிராம் நீராவி இருக்கும். மார்கழியில் 26 பாகையும் 85 வீத ஈரமுமான ஒரு சாதாரண நாளில் எங்கள் காற்று 20 கிராமுக்கு மேல் சுமந்துகொண்டு வருகிறது. ஈரத் துணியைத் துடைக்க ஈரத் துணியையே தருகிற கதை இது.

தங்கள் காலநிலைக்குக் கிட்ட வரக்கூடிய வறட்சி எங்களுக்கு எப்போது வாய்க்கிறது? கச்சான் காற்று அடிக்கிற காலத்தில். அப்போது சாறியின் ஒரு தலைப்பைக் கொடியில் போட்டு மறுதலைப்பை எடுக்கும்முன் முதல் தலைப்புக் காய்ந்துவிடும், ட்ரையர் எதற்கு? அது தேவைப்படுவது ஐப்பசிக் கடைசியிலிருந்து தை வரைக்கும், பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை மூன்று நாளாக விறாந்தையில் தொங்கி மணக்கத் தொடங்கும்போது. அந்த மாதங்களைப் பற்றித் தங்கள் இலக்கங்கள் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

காற்றை வெளியே தள்ளும் ட்ரையர் வாங்கினால் சுவரில் துளை போட வேண்டும். வாடைக் காற்று அதே துளையால் மழையை உள்ளே தள்ளும். கண்டென்சர் வகை தண்ணீரைத் தொட்டியில் பிடித்துக்கொண்டு சூட்டை அறைக்குள் விடும். ஜன்னலை மூடினால் எங்கள் அறை இடியப்பம் அவிக்க உதவும். பெரிய சுமை ஒன்றுக்கு இந்த வகை நாலு யூனிட் வரை குடிக்கும், எங்கள் பில்லோ மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் வேறு அட்டவணைக்குத் தாவும். பதினைந்து தடவை போட்டால் அறுபதும் ட்ரையருக்கே சரி, விளக்குக்குக் குப்பிலாம்பு. ஹீட் பம்ப் வகை பாதிக் கரண்டோடு அடங்கும், விலைதான் அடங்காது. வாஷரும் ட்ரையரும் ஒன்றான மெசினோ எட்டுக் கிலோ தோய்த்து ஐந்து கிலோ மட்டும் காயவைக்கும். மிச்ச மூன்று கிலோவுக்கும் பழைய கொடிதான்.

வாஷிங் மெசினுக்கான 60456க்கு வருவோம். சோதனைச் சுமை பெட்சீட், தலகணி உறை, கைத்துவாய். சாரன் இல்லை. ஐந்தரை மீற்றர் சாறி தொட்டிக்குள் முறுக்கிக்கொண்டு மற்ற உடுப்பையெல்லாம் கழுத்தில் பிடிப்பதும் இல்லை. கறைகளின் பட்டியலை வாசித்து வீட்டில் எல்லோரும் வாயடைத்துப்போனோம்: சிவப்பு வைன், கொக்கோ, இரத்தம், கரியெண்ணெய், உடம்பு எண்ணெய். கடைசி மூன்றிலும் உலக மக்கள் சமம்தான், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் கஜுப்பழச் சாறு எங்கே? வாழைக்காய்ப் பால் எங்கே? நண்டுக்கறியின் மஞ்சளும் வாவிக்கரைச் சுரியும் எந்தக் குற்றத்துக்காக விலக்கப்பட்டன?

தண்ணீர் அழுத்தம் 240 கிலோபாஸ்கல் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு டாங்கி ஏறக்குறைய 24 மீற்றர் உயரத்தில் இருக்க வேண்டும். எங்கள் டாங்கி கூரைக்குச் சற்று மேலே. பாலமீன்மடுவில் 1913இல் கட்டிய வெளிச்சவீடு 28 மீற்றர். அதன் தலையில் டாங்கியை ஏற்ற யாரிடம் அனுமதி கேட்பது என்று அறியத் தரவும்.

இப்போதைக்கு என் முடிவு, ட்ரையரை விட்டுவிட்டு, பலமாகப் பிழியும் முன்கதவு மெசினுக்குக் காசு போடுவது. 800 சுற்றில் பிழிந்த பருத்தித் துணி தன் காய்ந்த எடையில் 70 வீதமளவு தண்ணீரோடு வெளியே வரும். 1400 சுற்றில் அந்த எடையின் பாதியளவோடு. அந்த வித்தியாசத்தைக் கரண்ட் கொடுத்துச் சூடாக்கத் தேவையில்லை. மெசினுக்கு மேலே இரண்டு கொடி, பக்கத்தில் ஒரு மின்விசிறி. எனினும் இது என் சொந்தப் பரீட்சை. சான்றிதழ் தர எனக்கு அதிகாரமில்லை.

ஆகவே தங்கள் அடுத்த கூட்டத்தை மார்கழி முதல் வாரத்தில் மட்டக்களப்பில் வைக்குமாறு தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன். பெட்சீட்டுகளைத் தாங்களே கொண்டுவரலாம். கறை எங்கள் பொறுப்பு. ஆய்வுகூடமாக எங்கள் அறையைத் தருவோம், ஒருவர் பின் ஒருவராக உள்ளே போகச் சம்மதமென்றால். மெசினுக்கான காசு அதுவரை வங்கியில் கிடக்கும். அதற்காவது 23 பாகை கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
காயாத சாரனோடு,
வாவிக்கரை வாசி ஒருவர்