நெஞ்சளவு ப்ளக் பாயிண்ட்

மதுரையிலிருந்து சென்னைக்கு மாற்றல். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பக்கத்தில், எனக்கு மின்சார ரயில், வாடகையும் கட்டுப்படியாக வேண்டும் என்று கணக்குப் போட்டு, தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூர்ப் பக்கம் வீடு பார்க்கப் போனோம். தரகர் அகராதியே தனி. 'ஸ்டேஷனுக்குப் பத்து நிமிஷம்' என்றால் அதிகாலை நாலு மணிக்கு, பைக்கில், அவரே ஓட்டினால். கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பரில் பஸ் நிலையம் திறந்தாலும் திறந்தார்கள், செங்கல்பட்டு வரைக்கும் எல்லா வீடும் அதற்குப் 'பக்கந்தான் சார்'.

வீடு பளிச்சென்று இருந்தது. ஆனால் கூடத்தில் ப்ளக் பாயிண்ட் எல்லாம் என் நெஞ்சு உயரத்தில். ஏன் என்றேன்.

"குழந்தைங்க கை வைக்கக் கூடாதுல்ல" என்றார் வீட்டுக்காரர். நல்ல மனசு.

"அடையாறு எவ்வளவு தூரம்ணே?" என்றாள் மனைவி.

"அது எங்கயோ போவுதும்மா."

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கே போனது என்று அவள் கேட்கவில்லை. புதுப் பெயிண்டுக்கு அடியில் மங்கலாகத் தெரிந்த பழுப்புக் கோட்டை விரலால் தடவிக்கொண்டே போனாள். ப்ளக் பாயிண்டுக்குச் சரியாக ஒரு சாண் கீழே ஓடியது கோடு.

"மாடி போர்ஷன் காலியா இருக்காண்ணே?"

"அங்கதாம்மா நாங்க இருக்கோம்."