சுவரில் தண்ணீர் ஒட்டாமலிருக்கச் சில யோசனைகள்

புதுச்சேரியில் பழைய வீடு வைத்திருப்பவர் மழைக்குப் பயப்படக் கூடாது. 2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலையின் மேரி கட்டடம் சரிந்து விழுந்தது உண்மைதான். 2024 நவம்பர் 30 இரவு கரையேறிய ஃபெஞ்சல் புயலில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதும் உண்மைதான். இருக்கட்டும். நம்மிடம் கரி இருக்கிறது.

மெழுகுவர்த்தியை ஏற்றி, சுடருக்குள் ஒரு எவர்சில்வர் கரண்டியைக் காட்டுங்கள். ஒரு மில்லிமீட்டரில் 25,000இல் ஒரு பங்கு அகலமுள்ள கரி மணிகள் தாமாகவே ஒன்றின்மேல் ஒன்று தொற்றிக்கொண்டு, நடுவே காற்றை விட்டு வலை பின்னிக்கொள்ளும். கொத்தனார், சித்தாள், அட்வான்ஸ் எதுவும் கிடையாது. ஆறியபின் ஒரு சொட்டு நீர் விட்டால் முத்தாய் உருளும்; அது பெரும்பாலும் காற்றின்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து வீட்டாரை உடனே கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள். தாமதித்தால் யாராவது விரலால் தொட்டுப் பார்ப்பார்கள். பிறகு விரலில் கரி, கரண்டியில் ஈரம்.

நிலைத்து நிற்க வேண்டுமென்றால் ஜெர்மனிக்காரர்களைக் கேளுங்கள். மைன்ஸ் நகரின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வகத்தார் 2012இல் இதே கரிமேல் சிலிக்கா ஓடு படியவிட்டு, 600 டிகிரியில் சுட்டுக் கரியை எரித்துவிட்டு, மிஞ்சிய கூட்டின்மேல் ஃபுளோரின் கலந்த சிலேன் ஆவியைப் படியவைத்தார்கள். மணலைக் கொட்டியும் சோதித்தார்கள், ஓரளவு தாங்கியது. நீங்களும் சுவரைப் பெயர்த்து அடுப்பில் வைக்கலாம். புராதனக் கட்டடமென்றால் அனுமதி வாங்கிவிட்டு வையுங்கள்.

தாமரை இலைக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. நுண்ணிய மேடுகள், அவற்றின்மேல் மெழுகுக் குழல்கள், அவ்வளவுதான். மெழுகு தேய்ந்தால் உயிருள்ள இலை மறுபடி சுரந்துகொள்ளும். உங்கள் சுவர் எதையாவது சுரக்குமென்றால் அது உப்பு.

அதனால் கடையில் விற்கும் நீர்விலக்குப் பூச்சை வாங்கி வெளிப்புறம் முழுக்க அடியுங்கள். அஸ்திவாரத்திலிருந்து ஏறும் ஓதத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், அதற்குப் பூச்சு இருப்பதே தெரியாது. கடலோர உப்பைக் கரைத்துக்கொண்டு சுண்ணாம்புச் சுவருக்குள் ஏறும். வெளியே வர முடியாமல் பூச்சுக்குப் பின்னாலேயே உலரும். உப்பு அங்கேயே படிகமாகி, காரையைப் பொருக்குப் பொருக்காகத் தள்ளும். தரையில் கிடக்கும் ஒரு பொருக்கை எடுத்து அதன்மேல் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உருண்டோடும். கடைக்காரர் பொய் சொல்லவில்லை.