கண்யாலமும் கறுப்புத் திரையும்

இலங்கையின் கணினி வரலாற்றை எழுத வருகிறவர்கள் ஆர்தர் சி. கிளார்க்கைக் கும்பிட்டுவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவார்கள். நானும் கும்பிட்டுவிடுகிறேன், பிறகு வம்பு வேண்டாம். மனிதர் கறுவாத்தோட்டத்தில் இருந்துகொண்டு ஆர்க்கைவ்ஸ் 3 என்ற கணினியில், வேர்ட்ஸ்டார் மென்பொருளில் '2010' நாவலை எழுதி, முழுப் புத்தகத்தையும் ஒரே ஒரு ஐந்து அங்குல டிஸ்கில் போட்டு நியூயோர்க்குக்கு அனுப்பினார். கடைசி நேரத் திருத்தங்கள் பாதுக்கை செய்மதி நிலையம் வழியாகப் போயின. 1983இல் அதே நாவல் படமாகத் தயாரானபோது, அமெரிக்காவில் இருந்த இயக்குநர் பீட்டர் ஹயம்ஸோடு கதைப்பதற்குக் கேப்ரோ என்ற பெட்டியைப் பிடித்தார். ஒன்பது அங்குலப் பச்சைத் திரை, உலோகக் கூடு, பத்துக் கிலோவைத் தாண்டிய பாரம். இதைக் கையில் கொண்டு திரியலாம் என்று விளம்பரம் செய்தார்கள். செய்தவர்கள் அதற்கு முன் வோல்ட்மீற்றர் விற்றவர்கள், தூக்கியவர்கள் அல்லர்.

கிளார்க்குக்கு ஒரு சௌகரியம். அவர் இங்கிலிஷில் எழுதினார். திரை வெளிச்சம் காட்டினால் அவருடைய வேலை தொடங்கிவிடும். எங்கடை சனத்துக்குத் திரை வெளிச்சம் காட்டிய பிறகுதான் இரண்டாம் யுத்தம்: அதில் தமிழ் தெரியுமா? இரண்டு யுத்தத்துக்கும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டது ஒரே ஆள்தான். "ஸ்கிரீன் பழுது."

தொண்ணூறுகளின் கடைசியில் வெள்ளவத்தைக்கு லப்டொப் வந்த வழி தனி வழி. ரொறன்ரோவிலோ ஸ்ருட்கார்ட்டிலோ ஓர் ஒபிஸ் கழித்துவிட்டதை மருமகன் மலிவாக எடுத்து, ஓகஸ்ட் லீவுக்கு வரும்போது சொக்லேட்டுக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவில் சுருட்டி வைத்துக் கொண்டுவருவார். "மாமா, இதில விண்டோஸ் 98 கிடக்கு" என்று கையில் கொடுக்கும்போது, ஊரில் இரண்டு பரப்புக் காணி எழுதித் தருகிற தோரணை இருக்கும். மாமா அதற்குத் துவாய் போர்த்திச் சாமியறைப் பக்கம் வைப்பார். மருமகனின் பிளேன் கட்டுநாயக்காவை விட்டுக் கிளம்புவதற்காகவே காத்திருந்ததுபோல் சில கிழமைகளில் திரை கறுத்துவிடும்.

இதில் கடலுக்கும் பங்குண்டு. காலி வீதியிலிருந்து கீழே இறங்கும் ஒழுங்கைகள் அப்போது ரயில் பாதையில் முட்டி நின்றன. அதற்கு அப்பால் உப்புக்காற்றைத் தவிர வேறொன்றுமில்லை. அந்தக் காற்று ஜன்னல் கம்பியை முடித்துவிட்டு லப்டொப்பின் இணைப்பு முனைகளுக்கு வரும். அவை பச்சை பிடித்துப்போகும். இதற்கான மருந்து சிங்கப்பூரிலிருந்து வரவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளையின் அழிறப்பரால் தேய்த்தால் போதும்.

இதையெல்லாம் ஒழுங்கைக்கு ஒழுங்கை செய்து திரிந்த ஒரு சாதி அப்போது இருந்தது. எல்லோருக்கும் பெயர் ஒன்றுதான்: கொம்பியூட்டர் அண்ணை. கொமியூனிக்கேஷன் கடைக்கு மேல்மாடியில் ஓர் அறை, பனடோல் டப்பாவில் ஸ்குரூக்கள், மேசையில் குடல் வெளியே தெரியக் கிடக்கும் ஒரு தோஷிபா. அண்ணையின் முதல் ஆயுதம் டோர்ச் லைற். அறை லைற்றை அணைத்து, கறுத்த திரையில் டோர்ச்சைச் சாய்வாகப் பிடிப்பார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் மை கொம்பியூட்டரும் குப்பைத் தொட்டியும் ஆவி மாதிரித் தெரியும்.

"உயிர் கிடக்கு ஐயா. விளக்குத்தான் நூந்துபோச்சு."

விஷயம் இதுதான். அந்தக் காலத் திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. பின்னால் பென்சிலைவிட மெல்லிய ஒரு குழல்விளக்கு எரிய வேண்டும். அதை எரிக்க நூற்றுக்கணக்கான வோல்ட் வேண்டும், அந்த வோல்ட்டை உண்டாக்குவது இன்வேர்ட்டர் என்ற விரலளவு பலகை. முதலில் சாவது பெரும்பாலும் அதுதான். செத்தால் பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவுக்குப் போய், வேறொரு காரணத்தால் செத்த இன்னொரு லப்டொப்பிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரவேண்டும். டோர்ச்சுக்கும் ஒன்றும் தெரியாவிட்டால் வெளி மொனிற்றரைக் கொழுவிப் பார்ப்பார். அங்கே படம் வந்தால் பிழை பெரும்பாலும் பிணைச்சலுக்குள் ஓடும் கேபிளில். இந்தக் கேபிள் நோயைச் சிலர் சுகப்படுத்தாமலே வாழ்ந்தார்கள். மூடியை ஒரு குறிப்பிட்ட சாய்வில் வைத்தால் படம் நிற்கும் என்று கண்டுபிடித்து, தரையில் குப்புறப் படுத்துத் தட்டச்சு செய்த ஓய்வுபெற்ற அதிபர்கள் உண்டு.

திரை கறுத்த லப்டொப்போடு செக் பொயின்ற் தாண்டுவது தனிக் கலை. போர்க்காலம். பையைத் திறந்ததும் பொலிஸ்காரர் "ஓன் கரண்ட" என்பார். ஓன் செய்தால் விசிறி மட்டும் இரையும், திரை அமாவாசை. இரைகிற, திரை காட்டாத, வயர் நிறைந்த ஒரு கறுப்புப் பெட்டி, கையில் யாழ்ப்பாண அடையாள அட்டை. இன்வேர்ட்டருக்குச் சிங்களத்தில் என்ன என்று யோசிக்கிற நேரமா அது? அண்ணை டோர்ச்சை பொலிஸ்காரரிடமே கொடுத்து, "மாத்தயா, மெஹெம பலன்ன" என்று சாய்த்துக் காட்டுவார். குப்பைத் தொட்டியைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் அவரும் விட்டுவிடுவார்.

சரி, வெளிச்சம் வந்துவிட்டது. இனிச் சிறு படம். விண்டோஸை மறுபடி போட்டால், அது லப்டொப்பின் கிராபிக்ஸ் சிப்பை அடையாளம் தெரியாமல் 640க்கு 480, பதினாறு நிறம் என்று ஒதுங்கிவிடும். 800க்கு 600 திரையில் அது நடுவில் முடங்கி, சுற்றிவரக் கறுப்புக் கரை கட்டி நிற்கும். "கொண்டுவந்தவன் பெரிசெண்டுதானே சொன்னவன்" என்று மாமா மருமகனின் நேர்மையைச் சந்தேகிப்பார். டிவைஸ் மனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறி. அதற்கு டிரைவர் வேண்டும். டிரைவர் பென் டிரைவில் இருக்கிறது. பென் டிரைவை விண்டோஸ் 98 ஏற்க வேண்டுமென்றால் அதற்கொரு டிரைவர் வேண்டும், அதுவும் அதே பென் டிரைவில் இருக்கிறது. கடைசியில் புளொப்பிதான் கை கொடுத்தது, எல்லாவற்றையும் 1.44 எம்பிக்குள் வெட்டி அடைத்து.

நிறப்பேராசை இன்னொரு பக்கம். சிப்பில் இருந்தது ஒரு எம்பி நினைவகம். 800ஐ 600ஆல் பெருக்கி, புள்ளிக்கு இரண்டு பைட் என்று வைத்தால் 9,60,000 பைட். அடங்கும். மூன்று பைட் கேட்டால் 14,40,000. அடங்காது. கணக்கு இவ்வளவுதான். ஆனாலும் கல்யாண அல்பத்தில் கூறைச்சேலையின் சிவப்பு சரியாக வரவில்லை என்று மாமி சொன்னால், அண்ணை எந்த வாய்ப்பாட்டைச் சொல்லித் தப்புவது?

இனித் தமிழ். அந்த நாளில் தமிழ் என்றால் பாமினி. அது இங்கிலிஷ் எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களைக் குடியேற்றிய எழுத்துரு. பாமினி இல்லாத கணினியில் அதே கடிதத்தைத் திறந்தால் குடியேறியவர்கள் மறைந்து பழைய வீட்டுக்காரர் எட்டிப்பார்ப்பார். "அம்மா" என்று எழுதியது "எம், கே, அரைப்புள்ளி, கே, எச்" என்று போய்ச் சேரும். மகன் கனடாவிலிருந்து போன் எடுத்து, "அம்மா, உங்கடை ஸ்கிரீன் பழுது" என்பான். அவள் டோர்ச் அடித்துப் பார்ப்பாள்.

கொட்டாஞ்சேனையில் விஷயம் முற்றியது. அங்கே அச்சகங்கள், அச்சகமென்றால் கல்யாணக் கார்ட், பேஜ்மேக்கர், பாமினி. அப்படியோர் இடத்துக்கு ஜெர்மனியில் இருந்து ஒரு லப்டொப் வந்து சேர்ந்தது. மெனு எல்லாம் ஜெர்மன். அது பெரிய தடையல்ல, மூன்றாவது தட்டு, இரண்டாவது பொத்தான் என்று இடத்தை வைத்தே ஓட்டலாம். வில்லங்கம் கீபோர்டில். ஜெர்மன் விசைப்பலகையில் ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருக்கும். பாமினியில் ஒய் என்றால் ல, இசட் என்றால் ண. மெய்ப்புள்ளிக்கான அரைப்புள்ளியும் இடம் மாறித்தான் இருந்தது. ஆனால் புள்ளி இல்லாமல் தமிழில் ஒரு வரி நகராது, ஆகவே அதைத் தட்டச்சு செய்தவர் முதல் நிமிஷமே தேடிப் பிடித்துவிட்டார். ல-வும் ண-வும் விரல் பழக்கத்தில் ஓடிவிட்டன. மெய்ப்பு பார்த்தவர் மாப்பிள்ளையின் பட்டப்படிப்புகள் சரியா என்று மட்டும் பார்த்தார். கார்ட் தங்க மையில் வந்தது: "கண்யாலம்".

பெண்வீட்டார் வந்து நின்றார்கள். அச்சகக்காரர் அசையாமல், ஸ்கிரீன் மாற்றிக் காட்டிவிட்டது என்றார். ஸ்கிரீன் உண்மையைத்தான் காட்டிக்கொண்டிருந்தது, பார்க்கத்தான் ஆளில்லை. அண்ணை வந்து, கொன்ட்ரோல் பனலில் விசைப்பலகையை அமெரிக்க இங்கிலிஷுக்கு மாற்றிவிட்டு, "கீயில எழுதிக் கிடக்கிறதைப் பாக்காதேங்கோ, விரல் சொல்லுறதைக் கேளுங்கோ" என்றார். பாரிஸ் லப்டொப் வந்த வீடுகள் இதிலும் பாவம். பிரெஞ்சு விசைப்பலகையில் எம் இருக்கிற இடத்தில் கொமா, அரைப்புள்ளி இருக்கிற இடத்தில் எம். பாமினியில் கொமா என்றால் இ. "அம்மா" என்று அடித்தால் "இமஅமா". தாய்ப்பாசத்தை அதற்குமேல் ஒரு குடியரசு அவமதிக்க முடியாது.

இதற்கிடையில் கணினித் தமிழுக்கு ஓர் ஒழுங்கு காணப் பெரியவர்கள் கூடிக் கதைத்தார்கள். 1997இல் சிங்கப்பூரில் ஒரு மாநாடு, 1999இல் சென்னையில் ஒரு மாநாடு. சென்னை மாநாட்டில் ஒரு விசைப்பலகையும் டாம், டாப் என்று இரண்டு குறியீடுகளும் பிறந்தன. யுனிகோட் என்ற பொதுக் குறியீட்டில் தமிழுக்கு 1991இலேயே காணி ஒதுக்கியாகிவிட்டது. அதில் வீடு கட்டி லதா என்ற எழுத்துருவோடு மைக்ரோசொஃப்ட் குடிவந்தது விண்டோஸ் 2000இல்தான். எக்ஸ்பியில்கூட ஒரு பெட்டியில் டிக் போட்டு, சிடியைத் தேடிச் செருக வேண்டும். போடாவிட்டால் தமிழ் முழுவதும் சதுரம் சதுரமாக, மின்வெட்டில் கடை பூட்டின தெரு மாதிரி நிற்கும். கொட்டாஞ்சேனை எதற்கும் அசையவில்லை. பேஜ்மேக்கருக்கு யுனிகோட் தெரியாது, ஐந்நூறு கார்ட் மாதிரிகள் பாமினியில் கிடக்கின்றன, ஆகவே விண்டோஸ் 98 கிடக்கட்டும். 2006 ஜூலையில் மைக்ரோசொஃப்ட் விண்டோஸ் 98ஐக் கைவிட்டபோது, அந்தச் செய்தியை அச்சகங்கள் படித்திருக்கலாம். கார்ட் அடிக்கிற அவசரத்தில் யார் அதையெல்லாம் பொருட்படுத்துவது?

அண்ணைக்கு இப்போது தலை நரைத்துவிட்டது, போன் திரை மாற்றிச் சீவிக்கிறார். அண்மையில் அவரோடு பஸ்ஸில் போகும்போது ஓர் அரச அலுவலகத்தின் புதுப் பெயர்ப்பலகை கண்ணில் பட்டது. சிங்களம் சரி, இங்கிலிஷ் சரி, தமிழில் "திலைக்களம்". பஸ்ஸே கொதித்தது. ஒருவர் இது திட்டமிட்ட மொழி அழிப்பு என்றார், இன்னொருவர் மொழிபெயர்ப்பாளர் தட்டுப்பாடு என்றார், மூன்றாமவர் அரசியலமைப்பின் பதினாறாம் திருத்தத்துக்குப் போய்விட்டார். அண்ணை மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பலகையை இரண்டு தரம் படித்தார்.

"அரசியல் ஒண்டுமில்லை. உவையளுக்கு ஆரோ ஜெர்மன் லப்டொப் குடுத்திருக்கினம். கீபோர்டை மாத்திவிட்டாச் சரி."