நாயுருவி வளர்க்கும் நாய்

சிறுவாச்சூரில் நீண்டமுடி டாஷ்ஹண்ட் வைத்திருப்பவர் ‘நான் நாய் வளர்க்கிறேன்’ என்பதில் சொற்குற்றம் இல்லை; பொருட்குற்றம் உண்டு. அந்த நாயை வளர்ப்பது நாயுருவிச் செடி. நாய் அதற்கு வண்டி. வளர்ப்பவராகத் தம்மை எண்ணிக்கொண்டிருப்பவர் அந்த வண்டியிலிருந்து சுமை இறக்கும் கூலி. இது கடுமையான முடிவாகத் தோன்றலாம். ஆனால் சான்றுகள் வேறெங்கும் போகவிடவில்லை.

முதல் சான்று பெயரிலேயே இருக்கிறது: நாய், உருவி. நாயுருவியின் கதிரில் காய்கள் முள்நுனி கீழ்நோக்கித் தண்டை ஒட்டிக் கிடக்கும். மேலிருந்து கீழே தடவினால் விரல் வழுக்கிப் போகும். கீழிருந்து மேலே உரசினால் பிடித்துக்கொள்ளும். இப்படியொரு கொக்கியைச் செய்துவைத்த செடி யாருக்காகக் காத்திருந்தது? நாட்டு நாய்க்காக இருக்க முடியாது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகியவற்றின் மயிர் ஒட்டக் கத்தரித்த கோரைப்பாய் மாதிரி. காய் ஒட்டினாலும் நாலு தப்படியில் உதிர்ந்துவிடும். நீண்டமுடி டாஷ்ஹண்டுக்கோ காதிலும் மார்பிலும் அடிவயிற்றிலும் கால்களின் பின்புறத்திலும் குஞ்சம் தொங்குகிறது. வால் முழுக்க விசிறி. தோள் உயரம் ஒரு சாண், கூடினால் ஒன்பது அங்குலம். தரையைப் பெருக்கிக்கொண்டே நடக்கும் சடைநாய் இது. (ஊரில் டாஷ் என்பார்கள், நாயைச் சுருக்க முடியாததால் பெயரையாவது சுருக்கியிருக்கிறார்கள்.) உலக நாயினங்களைப் பத்துத் தொகுதிகளாகப் பிரித்த எஃப்.சி.ஐ. அமைப்பு, நான்காம் தொகுதி முழுவதையும் இந்த ஒரே இனத்துக்குப் பட்டா போட்டுக் கொடுத்திருப்பது சும்மா இல்லை.

மறுப்புகள் மூன்று வரக்கூடும். செடி இடுப்புயரம் வளர்கிறது, நாயோ கணுக்காலுக்குச் சற்று மேலே நடக்கிறது, கதிர் எப்படி மேலே படும் என்பது முதலாவது. பாதையில் நடக்கும் நாய்க்கு இது பொருந்தும். டாக்ஸ் என்றால் ஜெர்மன் மொழியில் வளைக்கரடி, ஹுண்ட் என்றால் நாய். வளைக்குள் புகுந்து வேட்டையாடவே உருவாக்கப்பட்ட இனத்துக்குப் பாதை ஒரு பொருட்டல்ல. புதரை முட்டிச் சாய்த்துக்கொண்டுதான் போகும். சாய்ந்த கதிர் முதுகில் விழும். நாய் ஜெர்மனியிலிருந்து வந்தது, செடியின் பெயரோ தமிழில் தொன்மையானது என்பது இரண்டாவது. ரயில் வருமுன் தண்டவாளம் போடுவதுதான் எங்கும் வழக்கம். மூன்றாவது மறுப்பு, வேட்டியிலும் இந்தக் காய் ஒட்டுகிறதே என்பது. ஒட்டுகிறது. ஆனால் வேட்டி வாலை ஆட்டிப் பக்கத்து வீட்டுக்கும் ஓடுவதில்லை.

இனி கூலியின் நிலை. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் பொதுவாகத் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும்; அதைப் பார்த்து வாரம் இருமுறை சீப்பு எடுத்தால் போதும் என்று நினைப்பவர் உண்டு. சிக்குக்கு அந்தச் சலுகை தெரியாது. காதின் பின்புறம், அக்குள், விரலிடுக்கு மூன்றையும் தினமும் பார்த்தாக வேண்டும். விட்டால் முள் தோலுக்குள் இறங்கிப் புண்ணாகும். சாப்பாட்டு விஷயம் இன்னும் மோசம். ஊர் இருக்கும் பெரம்பலூர் மாவட்டம் சின்ன வெங்காய விளைச்சலில் தமிழ்நாட்டில் முன்னணியில் இருப்பது. நாய்க்கோ வெங்காயம் நஞ்சு. வேகவைத்தாலும் நஞ்சுதான், ரத்தச் சிவப்பணுவை உடைத்துவிடும். ஆகவே வீடே சாம்பாரில் மணக்கும்போது நாய்க்கு மட்டும் தனி உலை. முதுகு நீளம் என்பதால் தண்டுவட வட்டு பிதுங்கும் நோய் இந்த இனத்தில் அதிகம். படியேறவும் கட்டிலிலிருந்து குதிக்கவும் விடக்கூடாது, உடம்பு பருக்கவும் விடக்கூடாது. தூக்கும்போது மார்பின் கீழ் ஒரு கை, பின்புறத்தின் கீழ் ஒரு கை என்று மாவிளக்குத் தட்டை ஏந்துவது போல ஏந்த வேண்டும். இதையெல்லாம் செய்பவரை எஜமானர் என்று அழைக்க எந்த அகராதியும் இடம் தராது. சிறுவாச்சூர்க்காரர் மட்டும் இப்படி என்றும் சொல்ல முடியாது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கின் சின்னம் வால்டி என்ற டாஷ்ஹண்ட். மாரத்தான் ஓட்டப்பாதையையே அதன் உருவத்தில் வளைத்து வகுத்தார்கள். உலகின் தலைசிறந்த ஓட்டக்காரர்கள் 42 கிலோமீட்டர் ஒரு நாயின் ஓரத்திலேயே ஓடினார்கள். தினமும் கால் மணி நேரம் சீப்போடு உட்காருகிறவர் அவர்களைவிடத் தேவலை.

இனி மிச்சம் ஒன்றுதான். நாயின் முடியிலிருந்து எடுத்த காய்களைக் கூலி எங்கே கொட்டுகிறார்? வாசல் ஓரத்தில், சுவரடியில், சீப்பைத் தட்டி உதறுகிறார். ஐப்பசி மழைக்குப் பிறகு அந்தச் சுவரடியில் என்ன முளைத்திருக்கிறது என்று ஐயமுள்ள வாசகர் நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போவது நல்லது.