டாக்டர் கேட்காத கேள்வி

கேள்வி: பத்தாவது படிக்கும் மகளுக்கு ஓயாத வயிற்றுவலி. ஸ்கேனில் ஒன்றுமில்லை. இளம் டாக்டர் சத்து மாத்திரை தருகிறார். மனசைப் பற்றி ஏன் கேட்பதே இல்லை?
- ஒரு தாய், வல்லம்

பதில்: வயிற்றுக்கு ஸ்கேன் இருக்கிறது தாயே, மனசுக்குக் காதுதான் ஸ்கேன். அதைப் பழக்க நம் மருத்துவப் படிப்பு தரும் நேரம் குறைவு. எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம், அதில் கடைசியாக வரும் ஹவுஸ் சர்ஜன் வருடத்தில் மனநலப் பிரிவுக்கு இரண்டே வாரம். இறுதித் தேர்விலும் அதற்குத் தனித்தாள் கிடையாது. பரீட்சைக்கு வராததை எந்தப் பிள்ளைதான் விழுந்து விழுந்து படிக்கும்? ஆனால் 10 முதல் 19 வயதுக்குள் ஏழில் ஒருவருக்கு மனநலச் சிக்கல் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வல்லத்துப் பிள்ளை முதலில் பார்ப்பது மனநல நிபுணரை அல்ல, ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரைத்தான்.

அதனால், அந்த டாக்டர்களை உருவாக்கும் முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் பயிலும் ஒவ்வொருவருக்கும் இதைக் கற்றுத்தர வேண்டும்: அம்மாவைப் பத்து நிமிடம் வெளியே உட்காரச் சொல், வீடு, பள்ளி, தூக்கம், சிநேகிதம், காதல், போதை என்று ஒவ்வொன்றாகக் கேள், சாகத் தோன்றுகிறதா என்றும் தயங்காமல் கேள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. மனசைப் பூட்டி வைத்திருந்த பிள்ளை வாய் திறக்கும்.

அடுத்த முறை, "நான் வெளியே இருக்கிறேன், அவளிடம் பேசுங்கள்" என்று நீங்களே சொல்லுங்கள். அதுவரை காத்திருக்க முடியாவிட்டால் மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416; கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.