பழைய தாருக்குப் புது ஆசை

கேள்வி: காதர்பேட்டையில் பனியன் கடை. செகண்ட் ஹேண்ட் தார் ஜீப் வாங்கியிருக்கிறேன். தினமும் கடைக்கு, ஞாயிறு வால்பாறைக்கு. உயரம் கூட்டி, மட் டயர், முன்பக்கம் புல் பார் மாட்டலாமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: புல் பாருக்கு 2017-லேயே மத்திய அரசு தடை. மோதினால் ஏர்பேக் சரியான நேரத்தில் விரியாமல் போகலாம். குறுக்கே வருபவர் உயிருக்கும் ஆபத்து. வண்டியை உயர்த்தினால் ஊரார் புருவமும் உயரும். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவிலும் வீட்டுக்காரம்மா வயிற்றில் புளியைக் கரைக்கும். மட் டயர் சேற்றில் ராஜா. தார் ரோட்டில் இரைச்சல், ஈரத்தில் பிடிப்பும் குறைவு. கம்பெனி சொன்ன அளவிலேயே ஆல் டெரெய்ன் போடுங்கள். அதற்கும் முன்னால் பிரேக், சஸ்பென்ஷன் புஷ், ரேடியேட்டர் ஹோஸ் மூன்றையும் பாருங்கள். பழைய வண்டியில் முதல் செலவு அடியில்தான், மினுக்கல் அப்புறம்.